துப்பாக்கிக் குழுவுக்கு எதிரே பல்லும் நகமும்: டேபிள்டாப் சண்டையைச் சமன் செய்ய ஒரு முழு வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமில், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை ஆட்டத்தில், துப்பாக்கியை உள்ளே விட்ட கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) எவருக்கும் இந்தக் காட்சி சீக்கிரமே வந்து சேரும். அரை மணி நேரம் பில்டப் கொடுத்துக் கொண்டுவந்த அவுல்பேர் (ஆந்தைத் தலைக் கரடி) மரங்களுக்கு நடுவிலிருந்து உறுமிக்கொண்டு வெளியே வருகிறது. எதிரே நான்கு ஆட்டக்காரர்கள், நான்கு ரைபிள்கள். ஒரே ரவுண்டில் (எல்லாரும் ஆளுக்கு ஒரு டர்ன், அதாவது ஒரு முறை, ஆடி முடிக்கும் சுற்று), யார் மேலும் ஒரு நகக்கீறல்கூடப் படாமல், அவுல்பேர் செத்து விழுகிறது.

இதற்கு வழக்கமாக இரண்டு மருந்து சொல்வார்கள். துப்பாக்கியின் டேமேஜைக் குறை, அல்லது மான்ஸ்டருக்குத் தோட்டா பாயாத தோலைக் கொடு. இரண்டுமே எனக்குப் பிடிக்காது. டேமேஜைக் குறைத்தால் துப்பாக்கி என்ற பெயரில் கவண்தான் மிஞ்சும். தோலைத் தடித்தால், காசு சேர்த்து ரைபிள் வாங்கிய ஆட்டக்காரரிடம் "அது வேலை செய்யாது" என்று சொன்ன மாதிரி ஆகும். அவர் அடுத்த வாரம் வேறு கேரக்டரோடு வந்து உட்காருவார்.

கோளாறு தூரத்தில் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்துக்கு மான்ஸ்டர் வந்து சேர்வதற்குள் எதிர்த்தரப்புக்கு எத்தனை முறை சுட வாய்ப்பு கிடைக்கிறது? இந்த ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதைச் சுற்றி அமையும். கீழே வருகிற கணக்குகளுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். பல மேஜைகளில் ஓடுவது அதுதான், எண்களும் தெளிவாக இருக்கின்றன. வேறு கேம் ஆடுபவர்களும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

படி 1: எந்தக் காலத்துத் துப்பாக்கி என்று முடிவு செய்யுங்கள்

'துப்பாக்கி' என்று பொதுவாகச் சொன்னால் எந்தக் கணக்கும் நிற்காது. 2014-ன் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் மறுமலர்ச்சிக் காலத்து ஆயுதங்கள் தனியாகவும், நவீன ஆயுதங்கள் தனியாகவும் இருக்கின்றன. டேமேஜ், பிஸ்டலுக்கு 1டி10 (பத்துப் பக்கப் பகடை ஒன்று), மஸ்கெட் என்ற பழைய நீளத் துப்பாக்கிக்கு 1டி12. இரண்டுக்கும் 'லோடிங்' என்ற தன்மை உண்டு. அதாவது உங்களுக்கு ஒரு டர்னில் எத்தனை முறை அடிக்கும் உரிமை இருந்தாலும், டர்னின் முக்கியச் செயலான ஒரு ஆக்‌ஷனுக்கு ஒரு தோட்டாதான். நவீனப் பட்டியலில் ரிவால்வர் 2டி8, ஆறு தோட்டா. வேட்டை ரைபிள் 2டி10, ஐந்து தோட்டா. ஷாட்கன் 2டி8, இரண்டே தோட்டா. ஆட்டோமேட்டிக் ரைபிள் 2டி8, முப்பது தோட்டா.

இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது. மஸ்கெட் ஒரு வித்தியாசமான குறுக்குவில், அவ்வளவுதான். 2024-ன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் பிஸ்டலையும் மஸ்கெட்டையும் வழக்கமான ஆயுதப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. எந்த மேஜையும் அதனால் கவிழ்ந்துவிடாது. சமன் பற்றிய தலைவலி உண்மையில் தொடங்குவது மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) போட்ட துப்பாக்கியில்தான்.

ஒரு வேடிக்கை: அதே புத்தகங்களில் வேட்டை ரைபிளின் வீச்சு 80 அடி, அதிகபட்சம் 240. நீள்வில்லுக்கு 150 அடி, அதிகபட்சம் 600! நிஜத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதைத் 'திருத்த' வேண்டாம். துப்பாக்கியின் வீச்சைக் குறைத்து வைத்திருப்பதே அந்தப் பட்டியல் நமக்குச் செய்து தந்திருக்கும் பெரிய உதவி.

படி 2: சுடும் வாய்ப்புகளை எண்ணுங்கள்

மான்ஸ்டர் ஓடி வரும்போது தன் ஆக்‌ஷனை 'டாஷ்' செய்யச் செலவழித்தால் வேகத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் கடக்கும், ஆனால் அந்த டர்னில் அடிக்க முடியாது. கடைசி டர்னில் மட்டும் ஒரு மடங்கு நகர்ந்து, அடிக்கும். கை நீளம் 5 அடி. இதை வைத்துக்கொண்டு ஓகர் என்ற அரக்கனைப் பார்ப்போம். வேகம் டர்னுக்கு 40 அடி.

45 அடிக்குள் நின்றால் ஓகர் தன் முதல் டர்னிலேயே வந்து அடித்துவிடும். இனிஷியேட்டிவில் (யார் முதலில் ஆடுவது என்ற வரிசை) ஆட்டக்காரர் முந்தினால் அவருக்கு ஒரு சுடும் வாய்ப்பு, பிந்தினால் ஒன்றுமே இல்லை. 80 அடியில் நின்றால் ஒரு டர்ன் டாஷ், அடுத்த டர்னில் அடி. ஆகவே ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பு. 240 அடியில் நின்றால் மூன்று அல்லது நான்கு. ஜோம்பியின் வேகம் 20 மட்டுமே என்பதால் 80 அடியிலிருந்தே இரண்டு அல்லது மூன்று வாய்ப்பைத் தந்துவிடும்.

இப்போது ஆர்க் என்ற போர்வெறி மான்ஸ்டர். வேகம் 30தான். ஆனால் 2014 ஆர்க்குக்கு 'அக்ரசிவ்' என்று ஒரு திறன் இருக்கிறது: டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் எதிரியை நோக்கி இன்னொரு 30 அடி ஓடலாம். ஆகவே 65 அடியிலிருந்து கிளம்பி அதே டர்னில் கோடாலியை இறக்கும். வேகம் குறைந்த ஆர்க், வேகம் அதிகமான ஓகரைவிடத் துப்பாக்கிக்காரருக்கு ஆபத்து. புத்தகத்தில் மான்ஸ்டருக்கான பக்கத்தில் ஹிட் பாயிண்டை (தாங்கக்கூடிய மொத்த டேமேஜ்) பார்ப்பதற்கு முன்னால் இந்த மாதிரி வரிகளைத் தேடிப் படியுங்கள்.

நிஜ உலகத்தில் இதற்கு ஒரு பிரபலமான அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில், கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியைச் சுமார் 1.5 விநாடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். கேமில் ஒரு ரவுண்டு 6 விநாடி. ட்யூலர் கணக்குப்படி அந்த ஆறு விநாடியில் ஒரு மனிதர் 84 அடி ஓடலாம். விதிப்படி டாஷ் செய்த மனிதர் ஓடுவது 60 அடி. அதாவது கேம் ஏற்கெனவே துப்பாக்கிக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. மான்ஸ்டரின் வேகத்தை 10 அடி கூட்டுவதற்கு உங்கள் மனசாட்சி உறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு டர்னுக்கு எவ்வளவு டேமேஜ் என்று கணக்குப் போடுங்கள்

ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (சண்டைக்கார வகைக் கேரக்டர்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +4, அடிக்கும் ரோலுக்கு மொத்தம் +7, டர்னுக்கு இரண்டு முறை அடிக்கலாம். எதிரே ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு ரோல் எட்ட வேண்டிய எண்) 11 உள்ள ஓகர். டி20-ல் (இருபது பக்கப் பகடை) 4 விழுந்தால் போதும், 85 சதவீதம் படும். கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பாவது) சேர்த்துச் சராசரி எடுத்தால்: நீள்வில் டர்னுக்கு சுமார் 15, அதே அளவு ஸ்ட்ரெங்த் (உடல்வலு) உள்ளவர் கையில் கிரேட்ஸ்வோர்டு (இரு கை வாள்) சுமார் 19, வேட்டை ரைபிள் கிட்டத்தட்ட 27.

பிரச்சினை இப்போது கண்ணுக்குத் தெரிகிறதா? உயிரைப் பணயம் வைத்து ஓகரின் முகத்துக்கு நேரே நிற்பவரைவிட, 80 அடி தள்ளி நிற்பவர் ஏறக்குறைய 1.4 மடங்கு டேமேஜ் போடுகிறார். ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட். இரண்டு ரைபிள்கள் ஒரே ரவுண்டில் 53 எடுத்துவிடும். மஸ்கெட்டோ ஒரு டர்னுக்கு 9 மட்டுமே. 2020-ல் டாஷா (Tasha's Cauldron of Everything) புத்தகத்தில் வந்த 'கன்னர்' ஃபீட்டை (கேரக்டர் வளரும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்து லோடிங் தடையை நீக்கிய பிறகுதான் 18.5க்கு வரும், அதாவது கிரேட்ஸ்வோர்டுக்குச் சமம். அது நியாயமான விலை.

டேமேஜில் கைவைக்க வேண்டாம் என்று மேலே சொன்னேன். ஒரு விதிவிலக்கு உண்டு. பகடையைத் தொடாதீர்கள், நவீனத் துப்பாக்கிகளுக்கு டேமேஜில் டெக்ஸ்டெரிட்டியைச் சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். 2டி10 அப்படியே இருக்கும். இரண்டு பெரிய பகடையை உருட்டும் சுகம் குறையாது. ஆனால் சராசரி 27லிருந்து 20க்கு இறங்கி கிரேட்ஸ்வோர்டின் பக்கத்தில் வந்து நிற்கும். குறிபார்ப்பது திறமை, பாயும் வலு வெடிமருந்துடையது என்று காரணம் சொன்னால் ஆட்டக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அப்புறம் 'ஷார்ப்ஷூட்டர்' ஃபீட். ரோலில் 5 கழித்து டேமேஜில் 10 கூட்டும் பகுதி. ஓகர் மாதிரி மெத்தென்ற இலக்குக்கு எதிரே, டெக்ஸ்டெரிட்டி சேர்த்த ரைபிளின் சராசரியை அது 31க்குக் கொண்டுபோகும். நவீனத் துப்பாக்கிக்கு அந்தப் பகுதி செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் சண்டை வரும், மேஜைக்கு வெளியே.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கேமின் முதல் பதிப்பு இந்தப் படியில்தான் சறுக்கியது. 2011-ல் வந்த அல்டிமேட் காம்பாட் விதிப்படி, கிட்டத்து வீச்சில் துப்பாக்கி மான்ஸ்டரின் 'டச்' ஆர்மர் கிளாஸை (தோலும் கவசமும் கணக்கில் சேராத எண்) மட்டும் எட்டினால் போதும். வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு ஆர்மர் கிளாஸ் 29, டச் 8. உலகத்திலேயே தடித்த தோலுள்ள பிராணி, துப்பாக்கிக்கு மட்டும் சட்டை போடாத ஆள். கவசத்தைத் துளைக்கும் என்ற எண்ணம் சரிதான், ஆனால் பெரிய மான்ஸ்டர்கள் உயிர்வாழ்வதே அந்தத் தோலை நம்பித்தான். இரண்டாம் பதிப்புக்கு 2021-ல் வந்த கன்ஸ் அண்ட் கியர்ஸ் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாதாரண அடியில் சிறிய பகடை, கிரிட்டிக்கலில் மட்டும் பெரிய பகடையோடு கூடுதலாக ஒன்று என்று மாற்றியது. துப்பாக்கியின் பயங்கரத்தைக் கிரிட்டிக்கலுக்குள் ஒளித்து வைப்பது நல்ல யோசனை.

படி 4: சந்திக்கும் தூரத்தைக் குறையுங்கள்

இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விதியையும் மாற்றாமல், யாருக்கும் எதையும் விளக்காமல் செய்யக்கூடியது இதுதான்.

என் கட்டைவிரல் கணக்கு: ஓடி வரும் வழியில் மான்ஸ்டர் கூட்டம் இழக்கும் ஹிட் பாயிண்ட், மொத்தத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிக்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் துப்பாக்கிக்காரர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். பாதியைத் தாண்டினால் கைகலப்பு ஒரு சம்பிரதாயம் ஆகிவிடும்.

தூரத்தைக் குறைக்க இடம்தான் உதவும். அடர்ந்த காட்டில் 40 அடிக்கு மேல் தெளிவாகத் தெரியாது. சுரங்கப் பாதையில் வளைவுக்கு வளைவு 25 அடி. பனி, சோளக்கொல்லை, கிடங்கில் அடுக்கிய பெட்டிகள், மழை இரவு. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இல்லாத மனிதர் கையில் தீப்பந்தம் இருந்தால், 20 அடி வரை நல்ல வெளிச்சம், அதற்கு அப்பால் 20 அடி மங்கல். 40 அடிக்கு வெளியே நிற்பது எதுவும் அவருக்குத் தெரியாது, ஆனால் பந்தம் பிடித்தவர் எல்லாருக்கும் தெரிவார். ரைபிளின் 80 அடி வீச்சு அங்கே வெறும் அலங்காரம்.

மறைவையும் மறக்க வேண்டாம். மரத்துக்கு மரம் தாவி வரும் மான்ஸ்டருக்குப் பாதி மறைவு என்றால் ஆர்மர் கிளாஸில் +2, முக்கால் மறைவு என்றால் +5. நடுவில் நிற்கும் சொந்தக் கூட்டாளியும் பாதி மறைவுதான்! வரிசையாக நடக்கும் குழுவில் பின்னால் இருப்பவர் சுட வேண்டுமென்றால் முன்னால் இருப்பவரின் தோளைத் தாண்டித்தான் சுட வேண்டும். இந்த விதியைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். குறுகிய பாதையில் இது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

மண்ணுக்குள்ளிருந்து வருபவை இன்னொரு வகை. புலெட் (Bulette; தோட்டா அல்ல, ஒரு மான்ஸ்டர்) 40 அடி வேகத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டு வரும்; குழுவின் காலடியில் எழும்பும்போது சுடும் வாய்ப்பு பூஜ்யம். ராட்சதச் சிலந்தி கூரையிலிருந்து இறங்கும். ஆனால் எல்லாச் சண்டையும் காலடியிலிருந்து தொடங்கினால் ஆட்டக்காரர்களுக்குச் சலித்துவிடும், சந்தேகமும் வரும். மூன்றில் ஒரு சண்டையாவது திறந்த வெளியில், நல்ல பகலில், துப்பாக்கி முழுதாக ஜெயிக்கிற மாதிரி இருக்கட்டும். அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே ரைபிள் வாங்கினார்கள்.

படி 5: ரீலோடுக்கு நிஜமான விலை வையுங்கள்

டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின்படி மேகசின் காலியானால் ஒரு ஆக்‌ஷனோ போனஸ் ஆக்‌ஷனோ செலவழித்து நிரப்பிக்கொள்ளலாம். ஃபைட்டருக்குப் பெரும்பாலும் போனஸ் ஆக்‌ஷன் சும்மாதான் கிடக்கும் என்பதால் அது இலவசம் மாதிரி. நான் பரிந்துரைப்பது: நீளத் துப்பாக்கிக்கு முழு ஆக்‌ஷன், ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் போனஸ் ஆக்‌ஷன்.

இந்த ஒரு மாற்றம் என்ன செய்கிறது பாருங்கள். வேட்டை ரைபிளில் ஐந்து தோட்டா, டர்னுக்கு இரண்டு. மூன்றாவது டர்னில் ஒரே தோட்டா மிச்சம். மான்ஸ்டர் வந்து சேர்வது இரண்டாவது, மூன்றாவது ரவுண்டில். பல்லைக் காட்டிக்கொண்டு அது எதிரே நிற்கும் நேரத்தில் துப்பாக்கி காலி. ரீலோடா, கத்தியை உருவுவதா, பின்வாங்குவதா? ஆட்டக்காரர் யோசிக்க வேண்டிய நல்ல கேள்வி, சரியான நேரத்தில் வருகிறது. ஷாட்கனுக்கு இன்னும் இறுக்கம்: ஒரே டர்னில் இரண்டும் தீர்ந்துவிடும்.

சரித்திரமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பயிற்சி பெற்ற சிப்பாய் மஸ்கெட்டில் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடலாம். கேம் கணக்கில் ஒரு தோட்டாவுக்கு மூன்று ரவுண்டுக்கு மேல். 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிக்ராங்கியில் மலைநாட்டுக்காரர்கள் வாளோடு சரிவிலிருந்து பாய்ந்து இறங்கினார்கள். எதிரே இருந்த அரசுப் படையிடம் இருந்த பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி), துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே செருகும் வகை. செருகினால் சுட முடியாது, சுட்டால் செருக நேரமில்லை. சுட்டுவிட்டுச் செருக முனைவதற்குள் வாள் வந்துவிட்டது. மனிதர்களை மான்ஸ்டரோடு ஒப்பிட இதைச் சொல்லவில்லை. மேஜையில் நாம் உண்டாக்கப் பார்க்கும் அந்த ஒரு கணம் நிஜத்தில் எப்படி இருந்தது என்பதற்காகத்தான்.

மஸ்கெட் காலத்து ஆட்டத்தில் ரீலோடுக்கு மூன்று ரவுண்டு வைத்தால் யாரும் திரும்பச் சுடவே மாட்டார்கள். அதனால் என்ன? நிரப்பிய பிஸ்டல்கள் நான்கை இடுப்பில் செருகிக்கொண்டு வரட்டும். கடற்கொள்ளையன் பிளாக்பியர்ட் மார்புப் பட்டையில் பல பிஸ்டல்களோடு திரிந்ததாகத்தான் அக்காலத்துக் குறிப்பு சொல்கிறது. விதிப்படி டர்னுக்கு ஒரு பொருளை இலவசமாக உருவலாம். கையில் இருப்பதைக் கீழே போட எந்தச் செலவும் இல்லை. ரவுண்டுக்கு ஒரு பிஸ்டல், சுட்டதும் போடு. பார்க்கவும் பிரமாதமாக இருக்கும்.

மிஸ்ஃபயர் விதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டி20-ல் 1 விழுந்தால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும் என்பது பல வீட்டு விதிகளில் இருக்கிறது. ஒரு டர்னில் ஒருமுறை சுடும் கத்துக்குட்டிக்கு அது 5 சதவீதம். நான்கு முறை சுடும் இருபதாம் லெவல் ஃபைட்டருக்கு 18 சதவீதத்துக்கு மேல். திறமை வளர வளரத் துப்பாக்கி கெட்டுப்போகிறது என்பது என்ன நியாயம்? அது வேண்டும்தான் என்று ஆசைப்பட்டால், ஒரு டர்னில் முதல் தோட்டாவுக்கு மட்டும் அந்த விதி என்று வையுங்கள்.

படி 6: கைக்கெட்டிய பிறகு என்ன நடக்கிறது

5 அடிக்குள் எதிரி நின்றால் தூர ஆயுதத்துக்கு டிஸ்அட்வான்டேஜ் (டி20-ஐ இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). இது போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. ஓகருக்கு எதிரே 85 சதவீதம் 72 ஆகிறது, அவ்வளவுதான். ஆர்மர் கிளாஸ் 15 உள்ள ட்ரோல் என்ற ராட்சதனுக்கு எதிரே 65 சதவீதம் 42க்கு விழும், அங்கே வலிக்கும். ஆகவே கைகலப்பில் துப்பாக்கியை இறுக்க வேண்டுமானால் ஆர்மர் கிளாஸ் கூடுதலான மான்ஸ்டரைத் தேர்ந்தெடுப்பது, எந்த வீட்டு விதியையும்விடச் சுலபம்.

'கன்னர்', 'கிராஸ்போ எக்ஸ்பர்ட்' இரண்டு ஃபீட்டும் இந்த டிஸ்அட்வான்டேஜை முழுசாக அழித்துவிடும். தடை செய்ய வேண்டாம், அவர் ஒரு ஃபீட்டை விலையாகக் கொடுத்திருக்கிறார். பதிலாக இதைச் சேருங்கள்: பிடியில் சிக்கியவர் இரண்டு கையால் பிடிக்கும் துப்பாக்கியை ரீலோட் செய்ய முடியாது. கரடி கட்டிப் பிடித்திருக்கும்போது மேகசின் மாற்ற முடியாது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

கவனிக்கப்படாத இன்னொன்று: தப்பிப் போகும் எதிரிக்கு விழும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கைகலப்பு அடியாக மட்டுமே இருக்க முடியும். ரைபிள்காரர் அதில் சுட்டு யாரையும் தடுத்து நிறுத்த முடியாது. ஓநாய் அவரைத் தாண்டி ஓடிப் பின்னால் இருக்கும் மந்திரவாதியைக் கடிக்கும். இதை மான்ஸ்டர்கள் பயன்படுத்தட்டும். ரைபிளில் பயனெட் மாட்டி அதை ஈட்டியாகக் கணக்கிட ஆட்டக்காரர் கேட்டால், தாராளமாகச் சரி சொல்லுங்கள்.

படி 7: மான்ஸ்டரைத் திருத்துவது, கடைசியில்தான்

இவ்வளவும் செய்த பிறகும் தேவைப்பட்டால் மான்ஸ்டரிடம் வாருங்கள். ஹிட் பாயிண்டைக் கூட்டுவது சோம்பேறி வழி. சண்டை நீளும், பயம் கூடாது.

எண்ணிக்கையும் திசையும் நன்றாக வேலை செய்யும். 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்ட்ல்வானாவில் சுமார் 20,000 ஜூலு வீரர்கள், பெரும்பாலும் ஈட்டியும் கேடயமுமாக, மார்ட்டினி-ஹென்றி ரைபிள் வைத்திருந்த பிரிட்டிஷ் படையை வீழ்த்தினார்கள். எருதுக் கொம்பு போல நடுவில் ஒரு படை, இரண்டு பக்கமும் வளைத்து வரும் படைகள். ஒரு துப்பாக்கி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும். நான்கு ஓகரும் ஒரே திசையிலிருந்து வந்தால் அது துப்பாக்கி சுடும் பயிற்சி. மூன்று திசையிலிருந்து வந்தால் சண்டை.

கூட்டமாக வரும்போது ஆட்டோமேட்டிக் ரைபிளை மறக்க வேண்டாம். அதன் பர்ஸ்ட் ஃபயர் (சரமாரியாகச் சுடுவது) பத்துத் தோட்டா செலவில் 10 அடிக்குப் பத்தடிப் பரப்பில் உள்ள எல்லாரையும் டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்க உருட்டும் ரோல்) 15 போட வைக்கும். ஜோம்பிக்கு அங்கே தப்புவது இருபது சதவீதம்தான். நெருக்கியடித்து வந்தால் நாலு நாலாக விழும். இரண்டு கட்டம் இடைவெளி விட்டு வரிசையாகக் கொண்டுவாருங்கள்.

ஜோம்பியின் 'அன்டெட் ஃபோர்டிட்யூட்' துப்பாக்கிக்கு நல்ல தடை என்று சிலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஹிட் பாயிண்ட் தீரும்போது உருட்டும் ரோல், வாங்கிய டேமேஜோடு 5 கூட்டிய எண்ணை எட்டினால்தான் ஜோம்பி விழாமல் நிற்கும். 15 டேமேஜ் போட்ட ரைபிளுக்கு எதிரே 20 தேவை. +3 உள்ள ஜோம்பிக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. 4 டேமேஜ் போட்ட கத்திக்கு எதிரேதான் அது நான்கில் மூன்று முறை நிற்கும்.

ட்ரோல் வேறு ரகம். ஒவ்வொரு டர்னும் 10 ஹிட் பாயிண்ட் திரும்ப வளரும், தீயோ அமிலமோ பட்டால் தவிர. ஒரு ரைபிள்காரர் சராசரியாகப் போடும் 20ல் பாதியை அது விழுங்கிவிடும். தோட்டா வீண் இல்லை, ஆனால் தோட்டா மட்டும் போதாது. யாரோ தீயோடு கிட்டே போக வேண்டும். துப்பாக்கியை அவமானப்படுத்தாமல் கட்டுப்படுத்த இதுதான் எனக்குத் தெரிந்த மிக அழகான வழி. முழு எதிர்ப்பு கொடுத்தே தீர வேண்டும் என்றால் ஓநாய்மனிதனைப் பாருங்கள்: 2014 விதியில் சாதாரணத் தோட்டா அதற்கு ஒன்றுமே இல்லை, வெள்ளி பூசினால் பாயும். பத்துத் தோட்டாவுக்கு 100 பொற்காசு. ஊர்க்காரர் யாராவது முன்கூட்டியே வெள்ளியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சண்டையில் வைத்துத் திடீரென்று அறிவிப்பது அழுகுணி ஆட்டம்.

கால் ஆஃப் தூலு என்ற திகில் கேம் ஆடுபவர்களுக்கு இந்தப் படியே வேறு. ஏழாம் பதிப்பில் 12 கேஜ் ஷாட்கன் கிட்டத்தில் 4டி6. தயாராகப் பிடித்த துப்பாக்கிக்கு வரிசையில் டெக்ஸ்டெரிட்டியோடு 50 கூடுதல். மனித எதிரி ஒரே வெடியில் போய்விடுவான். ஷோகாத் என்ற கொடூர ஜந்துவுக்கோ ஒரு தோட்டாவுக்கு ஒரே பாயிண்ட். அங்கே சமன் செய்ய முயல்வது வீண், ஓடுவதா வேண்டாமா என்பதுதான் ஆட்டம்.

படி 8: சத்தம், தோட்டாக் கணக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வெடிச் சத்தம் அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் கேட்கும். இரண்டாவது கூட்டம் மூன்றாவது ரவுண்டில் வரும். ஒருமுறை நடந்தால் போதும், பிறகு எல்லாரும் முதல் தோட்டாவுக்கு முன்னால் யோசிப்பார்கள். தோட்டா எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வது, ஊரிலிருந்து தூரமாகப் போகும் பயணத்துக்கு மட்டும் சரி. கடை பக்கத்தில் இருக்கும் ஆட்டத்தில் அது வெறும் கணக்குப்பிள்ளை வேலை.

படி 9: வாள் வைத்திருப்பவரைக் கவனியுங்கள்

சமன் என்றதும் எல்லாரும் மான்ஸ்டரையே பார்க்கிறார்கள். பாதி நேரம் புகார் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ரைபிள்காரர்கள் தூரத்திலேயே முடித்துவிட்டால் வாள்காரர் நடந்து போய்ப் பிணத்தைப் பார்ப்பதோடு சரி. குறுகிய வாசல், அடைத்து நிற்க வேண்டிய பாலம், பிடித்து நிறுத்த வேண்டிய பெரிய ஒன்று என்று அவருக்கான இடத்தை வரைபடத்திலேயே போட்டு வையுங்கள். வாள்காரர் நின்று தடுக்கும் ஒவ்வொரு ரவுண்டும் ரைபிள்காரருக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாத ஒரு டர்ன். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கும்படி அமைந்துவிட்டால் யார் அதிகம் அடித்தார்கள் என்ற பேச்சே எழாது.

படி 10: ஆடுவதற்கு முன் தனியாக உருட்டிப் பாருங்கள்

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சண்டையைக் கட்டுவோம். ஐந்தாம் லெவல் குழு: வேட்டை ரைபிள் இருவர், கிரேட்ஸ்வோர்டு ஒருவர், கிளெரிக் (பூசாரி வகை மந்திரக்காரர்) ஒருவர். எதிரே நான்கு ஓகர், மொத்தம் 236 ஹிட் பாயிண்ட். 2014 கணக்கில் இது 'ஹார்ட்' (கடினம்) தட்டில் விழும். டெக்ஸ்டெரிட்டியைக் கழிக்காமல், புத்தக எண்ணையே வைத்துக்கொள்கிறேன்.

நான்கும் 240 அடியில் தெரிந்தால் மூன்று, நான்கு சுடும் வாய்ப்பு. 80 அடிக்கு அப்பால் டிஸ்அட்வான்டேஜ் இருந்தும், முழு ஆக்‌ஷன் ரீலோடு ஒரு டர்னைத் தின்றும், கிளெரிக்கின் மந்திரத்தோடு சேர்த்தால் இரண்டு ஓகர் வழியிலேயே காலி. மிச்சம் இரண்டும் வாள்காரருக்குத்தான், பெரிய ஆபத்து இல்லை.

அதே நான்கை மலையிடுக்கில் வையுங்கள். இரண்டு முன்னால் 80 அடியில், இரண்டு பக்கவாட்டுப் பாறைக்குப் பின்னால் 40 அடியில். குழு இனிஷியேட்டிவை ஜெயித்தாலும் முதல் ரவுண்டில் ரைபிள்கள் 53 எடுக்கும், ஒரு ஓகர் தள்ளாடும். பக்கத்து இரண்டும் அதே ரவுண்டில் வந்து அடிக்கின்றன. வாள்காரர் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். இரண்டாவது ரவுண்டில் முன்னாலிருந்தவையும் வந்து சேர்கின்றன. மூன்றாவதில் ரைபிளில் ஒரு தோட்டா. ஆர்மர் கிளாஸ் 16, 44 ஹிட் பாயிண்ட் உள்ள ஒருவரை மூன்று ஓகர் சூழ்ந்துகொண்டால் ரவுண்டுக்குச் சராசரி 23 போகும்; இரண்டே ரவுண்டில் தரையில். ஒரு எண்ணையும் மாற்றவில்லை, நிற்கும் இடத்தை மட்டும் மாற்றினோம்.

இதை முந்தின நாள் இரவு நீங்களே இரண்டு பக்கமும் ஆடி, மூன்று ரவுண்டு உருட்டிப் பாருங்கள். இருபது நிமிடம் ஆகும். முதல் ஓகர் எந்த ரவுண்டில் அடிக்கிறது, அப்போது மேகசினில் எத்தனை மிச்சம் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடி விழுவது மூன்றாவது ரவுண்டுக்கு மேல் போனால் தொடக்கத் தூரத்தில் 15 அடி குறையுங்கள். முதல் ரவுண்டிலேயே நான்கும் வந்துவிட்டால் ஒன்றை 60 அடி பின்னால் தள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் கை மீறினால் திருத்த, ஒரு ஓகரைப் பாறைக்குப் பின்னால் மிச்சம் வையுங்கள்: சண்டை சப்பென்று போனால் அது வெடிச் சத்தம் கேட்டு வரும், குழு திணறினால் அது வரவே வேண்டாம்.